அன்னக்கிளிக்கு முன்: கிட்டார் வாசித்த எட்டு ஆண்டுகள்

1976 மே 14ஆம் நாள் ‘அன்னக்கிளி’ வெளியானது. தமிழ்த் திரையிசை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த நாளில்தான் எல்லைக்கல் நடுகின்றனர். பண்ணைப்புரத்திலிருந்து ஓர் இளைஞர் ஆர்மோனியத்தோடு வந்தார், மண்ணின் மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார், ஊரே திரும்பிப் பார்த்தது என்பது அந்தக் கதையின் சுருக்கம். கதை பொய்யன்று. ஆனால் அதன் நடுவில் எட்டு ஆண்டுகளைக் காணவில்லை. 1968இல் சென்னையில் முறையாக இசை பயிலத் தொடங்கிய இளையராஜா 1976 வரை என்ன செய்து பிழைத்தார்? பிறர் அமைத்த பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தார். மேடையில் வாசித்தார், ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தார், கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார். அந்த எட்டு ஆண்டுகளை விட்டுவிட்டு அவருடைய இசையை விளக்கப் புகும்போதுதான் ‘பிறவி மேதை’ என்ற சொல் தேவைப்படுகிறது.

இத்தொழிலுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் ‘செஷன் மியூசிஷியன்’ என்பர். சென்னைக் கூடங்களில் ‘ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர்’ என்ற நீண்ட தொடர்தான் புழங்கியது; சுருக்கமாகச் சொன்னால் ‘வாத்தியக்காரர்’. பாடகருக்குப் பின்னணிப் பாடகர் என்ற பட்டம் உண்டு, கவிஞருக்குப் பாடலாசிரியர் என்ற பட்டம் உண்டு. அதே பாடலில் அதே நொடியில் தந்தியை மீட்டியவருக்குப் பட்டமும் இல்லை, படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இடமும் இல்லை. பெயரில்லாத தொழிலின் வரலாற்றை எழுதுவது கடினம். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஒருவர் அதில் இருந்ததால் மட்டுமே இளையராஜாவின் அந்த ஆண்டுகள் ஓரளவேனும் நமக்குத் தெரிகின்றன.

அவருடைய முதல் பள்ளி ஊர்வலமும் பொதுக்கூட்டமும். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாட்டுக் கட்டிப் பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்தத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாவலரின் பாட்டு செய்த வேலை கட்சி வட்டாரங்களில் நெடுங்காலம் பேசப்பட்டது. ஏறத்தாழப் பதினான்கு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்த தம்பி, அதன்பின் பத்தாண்டு ஊர் ஊராகச் சென்றார். பழகிய திரை மெட்டுக்குப் புதிய சொற்களைப் பொருத்திப் பாடுவது இத்தகைய மேடைகளின் வழக்கம். எனவே வாத்தியம் வாசிப்பவர் நேற்று வானொலியில் கேட்ட பாட்டை இன்று மேடையில் தரவேண்டும். எழுதிவைத்த தாள் எதுவும் கிடையாது. காதில் விழுந்தது கைக்கு வரவேண்டும். மழையோ மைக் கோளாறோ எது வந்தாலும் கூட்டம் கலையாமல் பாட்டு நடக்க வேண்டும். சுற்றுப்பயண வாத்தியக்காரர் ஒருவருக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி அமையாது.

பிறகு சென்னை. வீட்டு வானொலியை விற்றுத் தாய் சின்னத்தாய் தந்த 400 ரூபாயுடன் சகோதரர்கள் வந்தது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று ஓர் இளம் தெலுங்குப் பாடகரின் மெல்லிசைக் குழு. 1966இல் ‘ஸ்ரீ ஸ்ரீ ஸ்ரீ மர்யாத ராமண்ணா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. கோதண்டபாணி இசையில் அறிமுகமாகித் தமிழில் இன்னும் இடம்பிடிக்காதிருந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம்தான் அவர். அந்தக் குழுவில் இளையராஜா கிட்டாரும் பின்னர் ஆர்மோனியமும் வாசித்தார், பாஸ்கர் தாளக்கருவி, கங்கை அமரனும் கிட்டார். பின்னாளில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஆயிரக்கணக்கான பாடல்களை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்ப்பதே நம் பழக்கம். அன்றைய நிலை வேறு. மேடையின் முன்னே நிற்பவர் பாடகர், பின்னே நாற்காலியில் அமர்ந்து கார்டு பிடிப்பவர் கிட்டார்காரர். ரசிகருக்கு முன்னவரின் முகம் தெரியும். பின்னவரின் கை மட்டும், அதுவும் விளக்கு அந்தப் பக்கம் விழுந்தால்தான், தெரியும்.

காதால் கற்றவருக்குக் கண்ணால் கற்கும் கட்டம் மயிலாப்பூரில் தொடங்கியது. தன்ராஜ் மாஸ்டர் அங்கே சாயி லாட்ஜில் தங்கி மேற்கத்திய இசை கற்பித்துவந்தார். ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன், கார்டுகள் ஒன்றையொன்று தொடரும் இலக்கணம், இரண்டு மூன்று மெட்டுகளை ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடவிடும் கலை, பாஹ், மோட்சார்ட் என்று அந்தச் சிறிய அறையில் கற்றவர் பட்டியல் நீளமானது, ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் பயின்றவரே. ராசய்யாவை ராஜா ஆக்கியதும் தன்ராஜ்தான். அன்னக்கிளியின்போது ‘இளைய’ என்ற முன்னொட்டைச் சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். இக்காலத்தில்தான் இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வைத் தொலைவழியில் எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். இதைச் சான்றிதழ்ப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைய உண்மையில் தேவைப்பட்ட திறவுகோல் அது.

ஏன் என்பது அக்கால ஒலிப்பதிவு முறையைப் பார்த்தால் விளங்கும். இன்று போல் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பின்னர் ஒட்டும் வசதி அன்று இல்லை. பாடகர், கோரஸ், வயலின் வரிசை, தபலா, கிட்டார் எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க, ஒற்றைத் தடத்தில் பாடல் பதிவாகும். காலையில் வந்து அமர்ந்ததும் தாள் கைக்கு வரும், இரண்டு மூன்று ஒத்திகை, பிறகு டேக். நாற்பது பேரில் ஒருவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் நாற்பது பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தயாரிப்பாளருக்கு அது பிலிம் சுருளும் கூட வாடகையும். எனவே கேட்டு, மனத்தில் நிறுத்தி, வீட்டில் பழகிவந்து வாசிப்பவர் இங்கே பயன்படமாட்டார். முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்த கணமே வாசிப்பவரே பயன்படுவார்.

இந்தக் கூடங்களுக்கு மொழியியல் நோக்கில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. காலையில் தமிழ்ப் பாடல், பிற்பகலில் கன்னடம், மறுநாள் மலையாளம், அதற்கடுத்த நாள் தெலுங்கு. வாசிப்பவர்களோ தமிழர், மலையாளி, தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர் எனப் பலர். பாட்டின் பொருள் பாதிப் பேருக்குப் புரியாது. அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே எழுத்து அந்த ஐந்து கோடுகள்தான். தென்னிந்தியாவில் நான்கு மொழியினரும் சண்டையின்றி ஒரே எழுத்தை வாசித்த இடம் அதுபோல் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

அந்தப் பன்மொழி உலகத்தின் முழு உருவம் ஜி.கே. வெங்கடேஷ். 1927இல் ஹைதராபாத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர், தமிழ்நாட்டில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் குழுவில் வீணை வாசித்து வளர்ந்தவர்; எம்.எஸ். விஸ்வநாதனின் நெருங்கிய நண்பர். பெரும்புகழ் பெற்றதோ கன்னடத்தில். ‘கஸ்தூரி நிவாஸ’ (1971), ‘பங்காரத மனுஷ்ய’ (1972) போன்ற ராஜ்குமார் படங்களுக்கு இசையமைத்தவர் அவர். ராஜ்குமாரைப் பின்னணிப் பாடகராக நிலைநிறுத்திய ‘சம்பத்திகெ சவால்’ (1974) படமும் அவருடையதே. இளையராஜா அவரிடம் முதலில் கிட்டார் வாசித்தார், பிறகு உதவியாளரானார். உதவியாளர் என்றால் இசையமைப்பாளர் பாடிக் காட்டும் மெட்டைத் தாளில் இறக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பகுதி பிரித்து எழுதி, கூடத்தில் குழுவை நடத்துபவர். தமிழில் 1973இல் வந்த ‘பொண்ணுக்கு தங்க மனசு’ வெங்கடேஷின் இசை. அதிலும் உதவியாளராக உழைத்தவர் இளையராஜா.

இந்தக் காலத்தில் அவர் வெங்கடேஷிடம் 200 படங்களில் பணியாற்றினார் என்ற எண் கட்டுரைக்குக் கட்டுரை நகலெடுக்கப்படுகிறது. எட்டு ஆண்டுக்கு 200 என்றால் ஆண்டுக்கு 25. ஒரே இசையமைப்பாளரிடம் அது பொருந்தும் கணக்கன்று. பலரிடம் வாசித்த கால்ஷீட்டுகள் அனைத்தும் ஒருவரின் பெயரில் திரண்டு நிற்கின்றன என்று கொள்வதே நேர்மை. சலில் சௌத்ரியின் குழுவிலும் அவர் கிட்டாரும் ஆர்கனும் வாசித்தார். வங்காளத்திலிருந்து வந்து மலையாளத்துக்கு இசையமைத்த சலில், மேற்கத்திய ஹார்மனியை நாட்டுப்புற மெட்டோடு பிணைப்பதில் பெரும் வல்லுநர். அவர் எழுதிய தாளை முன்னால் வைத்துக்கொண்டு வாசிப்பது, வேறு எங்கும் விலைக்குக் கிடைக்காத பாடம்.

கிட்டார்காரரின் நாற்காலியில் அமர்ந்தால் ஒரு பாடல் எப்படித் தெரியும்? வயலின்காரருக்குத் தன் ஒற்றை வரி மட்டுமே தெரியும்; தபலாக்காரருக்குத் தாளம். கிட்டார்காரரின் தாளிலோ பாட்டின் எலும்புக்கூடு முழுவதும் கார்டுகளாக இருக்கும். நம் மெட்டுகள் ராகத்தின் வழி நடப்பவை. அவற்றுக்கு அடியில் எந்தக் கார்டு என்பதை ராகம் தானாகச் சொல்லாது. தவறான கார்டு விழுந்தால் கமகம் கசங்கிவிடும்; மெட்டையே ஒட்டிக்கொண்டு சென்றாலோ கார்டு இருப்பதே தெரியாமல் போகும். ஒவ்வோர் இசையமைப்பாளரும் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார், எங்கே தீர்க்காமல் விட்டார் என்பதை நாள்தோறும் விரல் நுனியில் உணர்பவர் கிட்டார்காரர். அதோடு கிளாசிக்கல் கிட்டார் வேறொன்றையும் கற்பிக்கிறது. அதில் கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை நடத்த, மற்ற விரல்கள் இடைக்குரலையும் மெட்டையும் நடத்தும். ஆறு தந்திக்குள் ஒரு சிறிய இசைக்குழு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாங்குகோலாக நில்லாமல் தனி மெட்டாக நடந்துசெல்வதை எல்லாரும் வியப்பர். அந்த நடையின் வேர் இந்தக் கட்டைவிரலில் இருக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. கிராமத்து மெட்டு என்ற விளக்கம் மெட்டுக்குப் பொருந்தும், ஆனால் அதன் அடியில் ஓடும் இன்னொரு மெட்டை அது விளக்காது.

உலகின் பிற ஒலிப்பதிவு நகரங்களோடு ஒப்பிட்டால் சென்னையின் தனித்தன்மை தெளிவாகும். லாஸ் ஏஞ்சலஸில் 1960களின் தொடக்கத்தில் மிகுதியாக அழைக்கப்பட்ட கிட்டார்காரருள் ஒருவர் கிளென் கேம்பல். நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகளில் பெயரின்றி வாசித்தார். 1964இன் இறுதியில் பீச் பாய்ஸ் குழுவோடு சுற்றுப்பயணம் சென்றார். 1967க்குப் பின் தாமே நட்சத்திரப் பாடகரானார். ஆனால் அவருக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார். மும்பையில் பூபிந்தர் சிங். 1971இல் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தின் புகழ்பெற்ற கிட்டார் தொடக்கம் அவர் கைவண்ணம். அவரும் பாடகராகவே பெயர் பெற்றார். இருவருக்கும் வெளிச்சத்துக்கு வரும் வழி குரலாக இருந்தது. சென்னைக் கிட்டார்காரருக்கு அது தாளும் பென்சிலுமாக இருந்தது. 1976க்குப் பிறகு அவர் தம் இசைக்குழுவை நடத்திய முறையே இதற்குச் சான்று: மெட்டு அமைந்ததும் முழு இசையையும் தாளில் எழுதிவிடுவார், பிரதி எடுப்போர் பகுதி பிரிப்பர், வாசிப்பவர் கையில் தாள் வரும்போதுதான் பாடல் அவர்களுக்கு அறிமுகமாகும். தாம் எட்டு ஆண்டு எந்த முனையில் அமர்ந்திருந்தாரோ அதன் மறுமுனைக்கு அவர் நகர்ந்தார், அவ்வளவுதான்.

அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் ஆர். சந்திரசேகர், சதானந்தம் ஆகியோர் அமர்ந்தனர். பேஸ் கிட்டாருக்குச் சசிதரன். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் வரும் கிட்டார் சந்திரசேகருடையது. தமிழகத்தில் கிட்டார் கற்கத் தொடங்கும் யாரும் ஒருமுறையேனும் அதை வாசித்துப் பார்க்காமல் இருப்பதில்லை. பாடியவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், படத்தில் கிட்டாரைப் பிடித்து நடித்தவர் பெயரும் தெரியும். இவற்றோடு இன்னொரு செய்தியும் சேரவேண்டும். பிற்காலத்தில் வாய்ப்பு குறைந்தபோது ஜி.கே. வெங்கடேஷ் தம் பழைய கிட்டார்காரரின் குழுவிலேயே உதவியாளராகப் பணியாற்றினார். 1993இல் மறைந்தார். இதை இளையராஜாவின் நன்றியுணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர், சரிதான். ராஜ்குமாரின் புகழ்பெற்ற படங்களுக்கு இசையமைத்தவருக்கு முதுமையில் வேறு பிடிமானத்தை அத்தொழில் தரவில்லை என்பதும் அதே செய்திக்குள் அடக்கம். வாத்தியக்காரர்களுக்கு ஊதிய ஒழுங்கு வேண்டும் என்று எம்.பி. சீனிவாசன் முன்னின்று சங்கம் கட்டியது வீண் வேலையன்று.

இனி ஹைதராபாத். வெங்கடேஷின் தலைமுறைக்கு இசைத் தொழில் வேண்டுமென்றால் தெற்கே வரவேண்டியிருந்தது. 1960களிலிருந்து ஆந்திர அரசின் சலுகைகளோடு தெலுங்குத் திரைத்துறை மெல்ல ஹைதராபாத்துக்கு நகர்ந்தது. 1970களின் நடுவில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் அங்கே அன்னபூர்ணா ஸ்டுடியோவை அமைத்தார். கேமரா போயிற்று, நடிகர் போயினர், செட் போயிற்று. இசை மட்டும் நெடுங்காலம் சென்னையிலேயே தங்கியது. ‘சாகர சங்கமம்’ (1983), ‘ருத்ரவீணா’ (1988) ஆகிய தெலுங்குப் படங்களுக்காக இளையராஜாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஹைதராபாத்தின் தெருக்களைக் களமாகக் கொண்ட, அன்னபூர்ணா தயாரித்த ‘சிவா’ (1989) படத்துக்கும் இசை சென்னையிலிருந்துதான் சென்றது. காரணம் எளிது. கேமராவை லாரியில் ஏற்றலாம். தாளைப் பார்த்ததும் ஒன்றாக வாசிக்கும் நாற்பது பேரை அப்படி ஏற்ற முடியாது. அவர்கள் ஒரு நகரத்தில் முப்பது ஆண்டில் உருவாகின்றவர்கள். பின்னர் இசையும் ஹைதராபாத்துக்கு வந்தது. வந்த காலம் எது என்பதுதான் கவனிக்கத்தக்கது: கீபோர்டும் கணினியும் வயலின் வரிசையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட, நாற்பது பேர் தேவைப்படாத காலம்.

2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தம் பொன்விழாச் சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவில் இருந்தபோது, இளையராஜாவின் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்ற வழக்கறிஞர் அறிவிப்பு அவருக்குச் சென்றது. 1960களின் மேடையில் பின்னால் அமர்ந்திருந்தவர் முன்னால் நின்றவருக்கு அனுப்பிய அறிவிப்பு என்று அதை அன்று பலர் வருத்தத்தோடு பேசினர். 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் மறைந்தார். பாடல் இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, பாடகருக்கா என்று அன்று நடந்த நீண்ட விவாதத்தில் நான்காவது தரப்பு ஒன்று இருந்ததாக யாரும் பெரிதாகக் கருதவில்லை.

சட்டம் அந்தத் தரப்பை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், நிகழ்த்துநருக்கு அவருடைய நிகழ்த்துகை வணிகத்தில் பயன்படும்போது உரிமத்தொகை உண்டு என்கிறது. நிகழ்த்துநர் என்ற சொல்லில் வாத்தியம் வாசிப்பவரும் அடங்குவார். ஆனால் அதே திருத்தம் ஒரு விலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ மட்டும் பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியல் உள்ளிட்ட எங்கும் பெயர் குறிப்பிடப்படாத ஒருவர், தம் நிகழ்த்துகை சிதைக்கப்படும்போது எதிர்க்கும் உரிமை ஒன்றுக்கு அன்றி, நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். கூட்டக் காட்சியில் நிற்கும் துணைநடிகருக்கு இது இயல்பாகப் பொருந்தும். ‘இளைய நிலா’வின் கிட்டாரைத் தற்செயல் என்று எவரும் சொல்லத் துணியார். ஆயினும் பெயர் போடாத வழக்கமே ஒருவரின் உரிமைக்கு எதிரான சான்றாக நிற்கக்கூடும் என்ற நிலையை இந்த வாசகம் உண்டாக்கிவிட்டது. வழக்கத்தை ஏற்படுத்தியவரோ வாத்தியக்காரர் அல்லர்.

அந்த வழக்கம் மாறத் தொடங்கியது 1990களில். ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா உறைகளிலும் குறுந்தகட்டு உறைகளிலும் வாசித்தவர்களின் பெயர்கள் வாத்தியத்தோடு அச்சாயின. அவரும் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர், தந்தை ஆர்.கே. சேகர் பிற இசையமைப்பாளர்களுக்கு இசைக்கோப்புச் செய்து உழைத்துத் தேய்ந்தவர். இன்று ரஹ்மானின் பதிவுகளிலும் மேடைகளிலும் வாசிக்கும் சென்னைக் கிட்டார் கலைஞர் கேபா ஜெரமையாவின் பெயரை யூடியூபில் பாடலுக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பில் எவரும் படிக்கலாம். 1968க்கும் 1976க்கும் இடையே சென்னையில் பதிவான கன்னட, மலையாள, தெலுங்கு, தமிழ்ப் பாடல்களுக்கு அத்தகைய குறிப்பு இல்லை. அவற்றுள் எந்தப் பாடலின் கிட்டார் யாருடையது என்பதை அன்று கூடத்தில் இருந்த முதியவர்களிடம்தான் கேட்கவேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.